தோல் தூய்மையானது, வியாபாரம் தூய்மையானதா?





2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மீஞ்சூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்ற புல்லட் வண்டியும் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. அது என் வாப்பாவின் வண்டி. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாக மீஞ்சூருக்குக் கருவாட்டு வியாபாரத்திற்காக அவர்கள் ஓட்டிவந்த வண்டி. வாப்பா மவுத்தான பிறகு அது என்னிடம் வந்தது. இயந்திரத்தைச் சரிசெய்தாயிற்று. இருக்கை மட்டும் சரியாகவில்லை. உள்ளிருந்த ஃபோம் நீரைக் குடித்து நாற்றமெடுத்தது, அடித்தகடு துருவேறியது, மேலுறை கிழிந்தது. ஒரு வருடத்திற்கு மேல் பழைய துண்டு ஒன்றை அதன்மீது போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னர் ஒருநாள், இந்த இருக்கைக்கு நல்ல தோலில் உறை போடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என்னை மார்க்கச் சட்டத்தின் ஓர் எளிய கேள்வியிலிருந்து தொடங்கி, எளிதல்லாத பல கேள்விகளுக்கு அழைத்துச் சென்றது. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் கேள்வி: தோல் சுத்தமா?

நான் தோல் உறை போடப்போவதாகச் சொன்னதும் மதரஸாவில் ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், அது அறுத்த பிராணியின் தோலா, செத்த பிராணியின் தோலா என்று எப்படித் தெரியும்? மழையில் நனைந்த இருக்கையில் உட்கார்ந்து வந்து அதே ஆடையோடு தொழலாமா?"

நல்ல கேள்வி. விடையும் தெளிவானது. பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடும் என்பது ஸஹீஹ் முஸ்லிம் உள்ளிட்ட நூல்களில் பதிவான நபிமொழியின் கருத்து. உம்முல் முஃமினீன் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சார்ந்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ஏன் விட்டீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அது தானாகச் செத்தது என்று பதில் வந்தபோது, தடுக்கப்பட்டது அதை உண்பது மட்டுமே என்று விளக்கினார்கள். ஷாஃபி மத்ஹபில் நாய், பன்றி ஆகியவற்றின் தோலும், ஹனஃபி மத்ஹபில் பன்றியின் தோலும் இந்தச் சலுகையிலிருந்து விலக்கப்பட்டவை. நம் ஊரில் வண்டி இருக்கைக்குக் கிடைப்பது எருமை, மாடு, ஆடு ஆகியவற்றின் தோல்தான். உறுதியான அடையாளமின்றி ஐயத்தை வளர்த்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. உறுதியானதை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று.

தோலின்மீது அமர்வது பற்றி மார்க்கம் வேறொன்றையும் சொல்கிறது. சிறுத்தை போன்ற வேட்டை விலங்குகளின் தோலைச் சேணமாகப் போட்டு அதன்மீது சவாரி செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உண்டு. இதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களில் ஒன்று, அது பெருமையடிப்போரின் வழக்கம் என்பது. அதே நபியவர்களின் படுக்கையோ, ஈச்சநார் அடைத்த எளிய தோல் விரிப்பாக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆக, தோலில் குற்றமில்லை; அதை ஏன் போடுகிறோம் என்ற எண்ணத்தில்தான் குற்றம் வரக்கூடும். என் எண்ணத்தை நான் சோதித்துப் பார்த்தேன். வாப்பாவின் நினைவு பாதி; தெருவில் நான்கு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை மீதி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம்தான்.

இரண்டாம் கேள்வி: அது தோல்தானா?

மீஞ்சூருக்கு அப்பால் ஒரு கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொன்னார். நான் பேரம் பேசினேன். ஹஜ்ரத் என்று சலுகை கேட்டேன். வேறு கடைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தும் நின்றேன். இறுதியில் நான்காயிரத்துக்கு அவர் சம்மதித்தார். "ஒரிஜினல் லெதர், பாய்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் நாள் உறை போட்ட இருக்கை பளபளவென்று வந்தது. நான் மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

அந்தக் கடையில் என் பழைய மாணவர் ஒருவர் தொழில் பழகிக்கொண்டிருந்தார். பதினேழு வயதுப் பிள்ளை. ஹிஃப்ளு வகுப்பில் பத்து ஜுஸ்உ வரை ஓதியவர். தகப்பனார் இறந்ததும் குடும்பத்துக்காக வேலைக்குப் போனவர். நான் பணம் கொடுத்தபோது அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். அன்றிரவு இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஹஜ்ரத், அது தோல் இல்லை. ரெக்சின்தான். எல்லாருக்கும் ஒரிஜினல்னு சொல்லச் சொல்றாங்க. நானும் சொல்றேன். என் சம்பளம் ஹலாலா?"

பாடம் நடத்தும் எனக்கு அந்த நேரத்தில் உடனே பதில் வரவில்லை.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்து நிறுவனமொன்றின் வணிகப் பெயர். துணியின்மீது செல்லுலோஸ் நைட்ரேட் பூசித் தோல்போலத் தோற்றமளிக்கச் செய்த பொருள் அது. இன்று பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசிய துணிகளையெல்லாம் நாம் அந்தப் பெயரிலேயே அழைக்கிறோம். அதை ரெக்சின் என்று சொல்லி விற்பதில் எந்தத் தவறுமில்லை. நல்ல பொருள், மலிவு, தண்ணீர் புகாது. தோல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

வேறுபாட்டை வாங்குபவர் அறிவது கடினமல்ல. மேற்பரப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்று எந்தத் துணியிலும் தோலின் கோடுகளை அச்சிட்டுவிடலாம். வெட்டிய ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். உண்மையான தோலின் ஓரத்தில் நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பின்புறம் சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினின் பின்புறத்தில் நெய்த அல்லது பின்னிய துணி தெரியும். தைத்து முடித்த பிறகு இதைப் பார்க்க இயலாது. ஆகவே தைப்பதற்கு முன்பே, வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்கு விடை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த நிகழ்வை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். என் வண்டி இருக்கையே அந்தத் தானியக் குவியலாகும் என்று நினைத்ததில்லை.

மூன்றாம் கேள்வி: பொய்யை வாங்கியவர் யார்?

மறுநாள் நான் கடைக்குப் போனேன். பிள்ளையின் பெயரை எடுக்கவில்லை. வேறு வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, இது தோல் அல்ல என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"நாலாயிரத்துக்கு ஒரிஜினல் லெதர் எங்க பாய் கிடைக்கும்? தோல் விலை, நூல் விலை, கூலி எல்லாம் உங்களுக்குத் தெரியாதா? நீங்க கேட்ட விலைக்கு நான் ஒரு பேரு சொன்னேன்."

ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். குறையுள்ள பொருளைத் திருப்பிவிடும் உரிமையை வாங்குபவருக்கு ஷரீஅத் வழங்கியிருக்கிறது. அதன்படி எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னது சாக்குத்தான். அவருடைய பொய்யை அது ஹலாலாக்கிவிடாது. எனினும் அதில் என் பங்கு ஒன்று இருந்தது. இருக்கைக்கு ஏழெட்டுச் சதுர அடித் தோல் வேண்டும். அதைத் தைக்கக் கனமான இயந்திரமும், தடித்த நூலும், அரைநாள் உழைப்பும் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் நான் ரெக்சின் விலையில் தோலைக் கேட்டேன். பொய் சொன்னால்தான் வியாபாரம் நடக்கும் என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, பிறகு அவரைப் பொய்யர் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறோம். நம் வீடுகளில் சட்டை தைப்பவரிடமும், மீன் விற்கும் பெண்மணியிடமும் இதைத்தான் செய்கிறோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்ற நபிமொழி இருவரையும் சேர்த்தே பேசுகிறது.

பிள்ளையின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: தைத்த உழைப்புக்கான கூலி உனக்கு ஹலால். ஆனால் பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளக் கூடாது என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் இரண்டாம் வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே, 'இது தோல்' என்று உன் வாயால் சொல்லாதே. கேட்பவரிடம் 'ரெக்சின்' என்று சொல். சொல்ல விடவில்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்; அல்லாஹ் வழி திறப்பான்.

அவர் அப்படியே சொன்னார். பத்து நாளில் வேலை போயிற்று. பதில் சொன்னவன் நான். பட்டினியை எதிர்கொண்டவர் அந்தப் பிள்ளையும் அவருடைய தாயாரும். இதனால்தான் எழுதுகிறேன்: ஃபத்வா கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மை பேசியதால் வேலை இழந்தவரைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு, அந்த உண்மையைப் பேசச் சொன்ன ஜமாஅத்துக்கு உண்டு.

நான்காம் கேள்வி: தோல் தொழில் கேவலமா?

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோல் தைக்கும் பழைய கால் இயந்திரம் அவரிடம் உண்டு. அவரிடம் இந்தப் பிள்ளையைச் சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது தாயார் அழுதுவிட்டார். "ஆலிமாக வேண்டிய பிள்ளை ஹஜ்ரத், செருப்புத் தைக்கவா? நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அது நம் சமூகம் முழுவதும் படிந்திருக்கும் நோய். தோலைத் தொடுபவரைத் தாழ்ந்தவராகக் கருதும் சாதி வழக்கம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததல்ல. சுற்றியிருந்து வந்து நம் வீட்டிற்குள் ஒட்டிக்கொண்டது. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டு, தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தவர்கள். என் மனைவியரில் கை நீளமானவரே முதலில் என்னை வந்து சேர்வார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது, உழைத்து ஈந்த அந்தக் கையைத்தான் என்று மற்ற மனைவியர் பின்னர் விளங்கிக்கொண்டார்கள். ஸவ்தா (ரலி) அவர்களும் இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டு, நைந்துபோகும் வரை பயன்படுத்தியதாக புகாரியில் காண்கிறோம். முஃமின்களின் அன்னையர் செய்த வேலை நம் பிள்ளைக்குக் கேவலமாகுமா?

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றையும் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, சென்னைப் பெரியமேடு ஆகிய ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே தோல் வணிகம் நினைவுக்கு வரும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறிற்று. அந்த வருவாய் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. 1951இல் தொடங்கப்பட்ட திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி எந்தப் பெருமகனாரின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவர் தோல் வணிகரே. தோலை விற்றவரைக் கண்ணியப்படுத்துகிறோம். அதே தோலைச் சுரண்டியவரையும் தைத்தவரையும் மறந்துவிடுகிறோம். இது நியாயமன்று.

தூய்மையைப் பற்றிப் பேசும் நாம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பதனிட்ட தோல் தூய்மையானது. பதனிட்ட கழிவுநீர் பாலாற்றை மாசுபடுத்தியது. அது தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் அதே 2023 வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது நம் பகுதி மீனவர்கள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாம். ஆற்றங்கரை மக்களின் துயரம் நமக்குப் புரியாததல்ல. முஸ்லிம்களின் தொழில் என்பதற்காக அதைப் பேசாமல் விடுவதும், தானியக் குவியலின் ஈரத்தை மறைப்பதைப் போன்றதே.

நம் வீட்டுத் தோல் எங்கே போகிறது?

குர்பானித் தோலின் வருவாயில் மதரஸாக்கள் நடந்த காலத்தை நான் அறிவேன். இன்று அதன் விலை வீழ்ந்துவிட்டது. வாங்க ஆளின்றிக் குழிதோண்டிப் புதைத்த ஆண்டையும் கண்டுவிட்டோம். செத்த ஆட்டின் தோலையே வீணாக்க வேண்டாம் என்ற நபியின் உம்மத் நாம். சந்தை விலையை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் நம் கையால் நேரும் சேதத்தைத் தடுக்கலாம். உரிக்கும்போது கத்தி பட்டுத் துளை விழாமல் பார்த்துக்கொள்வோம். உரித்த சில மணி நேரத்திற்குள் கொழுப்பை நீக்கி, உட்புறம் முழுவதும் தோலின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு உப்பைத் தேய்த்து, நிழலில் வைப்போம். உப்பளங்களின் அருகில் வாழும் நமக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. கடும் வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த தோல் மாலைக்குள் அழுகிவிடும். பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். அறுப்பவரின் கூலியாகத் தோலைக் கொடுத்துவிடவும் கூடாது. கூலியை நம் பணத்திலிருந்து தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை அலீ (ரலி) அவர்கள் வழியாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

இறுதியாக

அந்தப் பிள்ளை இப்போது செருப்புத் தைக்கும் பெரியவரிடம் தொழில் பழகுகிறார். நான் பெரியமேட்டில் எருமைத் தோல் வாங்கிவந்து கொடுத்தேன். இருவரும் சேர்ந்து என் இருக்கையைப் பிரித்தார்கள். தகட்டின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசினார்கள். ஃபோமை மாற்றி, தையல் துளை வழியாக மழைநீர் இறங்காதபடி அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார்கள். பழைய உறையின் தையலைப் பிரித்து, அதையே அளவாக வைத்துத் தோலை வெட்டினார்கள். தையலை நெருக்கிப் போட்டால் தோல் தபால்தலைபோலக் கிழிந்துவிடும், இடைவெளி விட்டுத் தை என்று பெரியவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். இம்முறை நான் விலை பேசவில்லை. கேட்ட கூலியை அன்றே கொடுத்தேன்.

வண்டியைத் தரும்போது பிள்ளை சொன்னார்: "ஹஜ்ரத், நம்ம ஊர் உப்புக் காத்துக்குத் தோல் பூசணம் பூக்கும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணி தொட்ட துணியால துடைச்சு, நிழல்ல காயவெச்சு, மெழுகு பூசணும். செய்வீங்கன்னா இது இருக்கும். இல்லேன்னா ரெக்சினே போதும்." நான் வியாழக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு துடைக்கிறேன், இரண்டு வாரம் தவறியதும் உண்டு.

பழவேற்காட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வரும் ஒருவர் என் இருக்கையைப் பார்த்துவிட்டு, தமக்கும் தோல் உறை வேண்டும் என்று அவரிடம் போயிருக்கிறார். பனிக்கட்டி உருகிய உப்புநீர் நாள்முழுதும் ஒழுகும் வண்டிக்குத் தோல் ஆகாது, ரெக்சின்தான் சரி என்று சொல்லி, பெரிய கூலியை விட்டுவிட்டுச் சின்னக் கூலிக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார் அந்தப் பிள்ளை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மீன்காரர் சொன்னார். தாயார் இன்னமும் உறவினரிடம் மகன் 'வண்டி வேலை' பார்ப்பதாகத்தான் சொல்கிறார். அந்தச் சொல்லை மாற்ற வேண்டியவர்கள் அவர் அல்லர், நாம்.

சகோதரர்களே, சகோதரிகளே! இனி ஒரு பொருளை வாங்கும்போது அது ஹலாலா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் கொடுக்கும் விலைக்கு இதை உண்மையாகச் செய்ய முடியுமா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தொழில் பழகும் பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால் அதை மறைக்காமல் சபையில் சொல்லுங்கள். உண்மை பேசி வேலை இழந்தவர் உங்கள் மஹல்லாவில் இருந்தால், அடுத்த வேலையை அவரிடமே கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும் சொல்லையும் தூய்மையாக்குவானாக! உழைக்கும் கைகளுக்குக் கண்ணியத்தையும் பரக்கத்தையும் வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.